திருகோணமலையில் ஒரு கைவினை நகைக்கடை: பொருளும் கணக்கும்

உதவிக்காக விற்கப்படும் பொருளை வாங்கும்போது நாம் அதைச் சரியாகப் பார்ப்பதில்லை. பிள்ளைகளின் படிப்புக்கு என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். தோட்டின் கொழுக்கி காதுக்கு ஒத்துவருமா, மாலையின் முடிச்சு நிற்குமா என்று பாராமல் காசைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்து மறந்துவிடுகிறோம். விற்பவருக்கும் இது தெரிந்துவிடுவதால் தரத்தில் அக்கறை குறைகிறது. ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வருவதில்லை. கடை மெல்லத் தேய்ந்து மூடப்படுகிறது. அதை நம்பியிருந்த பிள்ளைகளுக்கான உதவியும் அதோடு நின்றுவிடுகிறது. ஆகவே இந்த மதிப்புரையில் நகையை முதலில் நகையாகவே பார்க்கிறேன். பிள்ளைகளுக்கான பங்கு பற்றிய பேச்சு அதற்குப் பிறகு, கணக்குப் புத்தகத்தோடு சேர்த்தே வரும்.

நான் சொல்ல வந்த கடை, விற்கும் ஒவ்வொரு பொருளிலும் ஒரு தொகையை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்குவது. அது திருகோணமலை நகரில், பத்திரகாளி அம்மன் கோவிலிலிருந்து நடந்தே போகக்கூடிய ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் முன்விறாந்தையில் இயங்குகிறது. தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. வியாபாரப் பெயரைப் பதிவதற்கான விண்ணப்பம் பிரதேச செயலகத்துக்குப் போயிருக்கிறது என்றும், சான்றிதழ் கைக்கு வரும்வரை பெயர்ப்பலகை மாட்டுவதில்லை என்றும் நடத்துபவர்கள் சொன்னார்கள். அதனால் இந்த மதிப்புரையிலும் பெயர் இல்லை. மூன்று பெண்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். ஒருவர் தாயிடம் ஓலை பின்னக் கற்றவர். மற்றவர் நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் பரிசுப்பொருள் கடையில் வேலை பார்த்தவர். மூத்தவர் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். இந்த மூன்றாமவர் இல்லாதிருந்தால் கடையைப் பற்றி எழுத எனக்கு இவ்வளவு விடயம் கிடைத்திருக்காது.

பனையோலைத் தோடுகள்தாம் கடையின் சிறந்த சரக்கு. முற்றாத சார்வோலையைக் காயவைத்து, மெல்லிய நாராக வார்ந்து, சாயத்தில் அவித்து எடுத்துச் சிறு சதுரங்களாகவும் சுருள்களாகவும் பின்னியிருக்கிறார்கள். பெட்டியும் நீற்றுப்பெட்டியும் பின்னிய அதே கைவேலைதான், விரல்நகம் அளவுக்குச் சுருங்கி வந்திருக்கிறது. ஓலைத் தோட்டில் முதலில் பார்க்க வேண்டியது வெட்டு விளிம்பை. விளிம்பை மடித்து உட்செருகாமல் வெட்டியபடியே விட்டால் நார் பிரிந்து, தலைமயிரில் சிக்கும். இவர்கள் எல்லா விளிம்புகளையும் உள்ளே மடித்து, மேலே வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சாக இரு பக்கமும் பூசியிருக்கிறார்கள். கடற்கரை ஊரில் இந்தப் பூச்சு அலங்காரத்துக்காக மட்டும் அல்ல. ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் வீட்டுக்குள் தொங்கும் ஓலைப்பாய்க்கே பூஞ்சணம் பிடிக்கிறது. பூச்சில்லாத ஓலைத் தோடு ஒரு மாரியைத் தாண்டாது. எடை என்று சொல்ல எதுவும் இல்லை. தங்கத்தில் இந்த அளவுத் தோடு போட்டால் காதுத் துவாரம் இழுபட்டுவிடும். இதை நாள் முழுக்க அணிந்திருந்தாலும் காதில் கிடப்பது தெரியவில்லை.

சாயத்தில் மட்டும் ஒரு குறை உண்டு. மஞ்சள், பச்சை, கறுப்பு ஆகியவை நன்றாக ஊறிப் பிடித்திருக்கின்றன, சிவப்பு பிடிக்கவில்லை. வியர்வை பட்டதும் கழுத்தோரத்தில் ரோசாப் பூ நிறத்தில் ஒரு கோடு விழுகிறது. ஈரமான வெள்ளைத் துணியால் தோட்டின் பின்புறத்தைத் தேய்த்துப் பார்த்தால் எந்த நிறம் கசியும் என்று கடையிலேயே தெரிந்துவிடும். நான் அப்படித் தேய்த்ததைப் பார்த்து அவர்கள் முகம் சுளிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சாயத்தை அவித்த பிறகு போதிய தடவை அலசவில்லை என்று தாமாகவே ஒப்புக்கொண்டு, அந்தத் தட்டை மேசையிலிருந்து எடுத்து உள்ளே வைத்தார்கள்.

நகையின் அழகு முன்பக்கத்தில் இருந்தாலும் உண்மையான தரம் கொழுக்கியில்தான் இருக்கிறது. கைவினைத் தோடு வாங்கிக் காது புண்ணாகிப் போனவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்; அவர்களில் பெரும்பாலானோர் தமக்குத் தங்கத்தைத் தவிர வேறெதுவும் ஒத்துவராது என்று முடிவுகட்டி, அந்தப் பக்கமே திரும்புவதில்லை. காதைப் புண்ணாக்குவது பெரும்பாலும் நிக்கல். மலிவான கொழுக்கிகளில் உள்ளே இருக்கும் கலப்பு உலோகத்தில் நிக்கல் இருக்கும். மேலே பூசிய வெள்ளி நிற முலாம் தேய்ந்ததும் அது தோலில் பட்டு அரிப்பையும் கொப்புளத்தையும் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில், துவாரத்தில் செருகும் பாகத்திலிருந்து ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு வாரத்துக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்று விதியே இருக்கிறது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வந்து தங்கும் உல்லாசப் பயணிகளுக்குத் தோடு விற்க எண்ணும் எவரும் இதைத் தெரிந்துகொள்ளாமல் தொழிலைத் தொடங்கக் கூடாது.

இந்தக் கடையில் மூன்று வகைக் கொழுக்கிகள் இருக்கின்றன: பித்தளை, துருப்பிடிக்காத உருக்கு, வெள்ளி. எது எதில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு தோட்டின் அட்டைக்குப் பின்புறத்திலும் கையால் எழுதியிருக்கிறார்கள். வெள்ளிக் கொழுக்கியில் 925 என்ற முத்திரை இருக்கிறது. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மிகுதி பெரும்பாலும் செம்பு என்பது அதன் பொருள். வெள்ளி கேட்டால் விலையில் 450 ரூபா கூடும். கொடுக்கத் தகுந்த தொகைதான். பித்தளை அணிந்தால் சிலருக்கு காதுமடலில் பச்சை நிறம் படியும். அதிலுள்ள செம்பு வியர்வையின் உப்போடு சேர்வதால் வருவது அது. சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை விற்பவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் வாங்கியவர் வீட்டுக்குப் போய்த் திட்ட மாட்டார். இங்கே சொல்கிறார்கள்.

சிரட்டைப் பதக்கங்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நன்றாக இருக்கின்றன. வார்னிஷ் பூசாமல் தேங்காயெண்ணெய் தேய்த்தே மினுக்கியிருப்பதால் சிரட்டையின் நிறம் அப்படியே தெரிகிறது. துளையை விளிம்புக்கு மிக அருகில் போடாததால் வெடிக்கும் அபாயம் குறைவு.

கண்ணாடி மணிமாலைகள்தாம் கடையின் பலவீனம். நிறச் சேர்க்கையில் குறை சொல்ல முடியாது. கடல் நீலமும் பனங்கட்டி நிறமும் அடுத்தடுத்து வரும் ஒரு மாலையை விலை பார்க்காமலே எடுத்துவிட்டேன். ஆனால் அவற்றைக் கோத்திருப்பது தங்கூசியில். மீன்பிடிக்கு அது நல்ல நூல்தான். கண்ணாடி மணிக்கு ஆகாது. கண்ணாடி மணியின் துவார விளிம்பு கூரானது; கழுத்து அசையும் ஒவ்வொரு தடவையும் அது தங்கூசியைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். தங்கூசி வழுவழுப்பானது என்பதால் முடிச்சும் நாளடைவில் நழுவும். நான் வாங்கிய மாலை சில வாரங்களிலேயே முடிச்சவிழ்ந்து மணிகள் சிதறின. திரும்பக் கொண்டுபோனபோது மறுபேச்சில்லாமல் காசு வாங்காமல் கோத்துத் தந்தார்கள். ஆனால் மறுபடியும் தங்கூசியில்தான். மேலே நைலோன் பூசிய மெல்லிய உருக்குக் கம்பியில் கோத்து, முனையில் முடிச்சுக்குப் பதிலாகச் சிறு குழாய்மணியைக் குறட்டால் நசுக்கிப் பூட்டினால் இந்தப் பிரச்சினையே வராது. ஏன் செய்யவில்லை என்று கேட்டதற்கு, "அந்தக் கம்பி கொழும்பில இருந்துதான் எடுப்பிக்க வேணும் தங்கச்சி. பெரிய சுருளாத்தான் தருவாங்கள், இப்ப கையில அவ்வளவு காசு இல்லை" என்று மூத்தவர் பதில் சொன்னார். நியாயமான பதில். ஆனாலும் கம்பி வரும்வரை மாலை விற்பதை நிறுத்திவைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஓலைத் தோட்டினால் கிடைக்கும் நல்ல பெயரை அவிழும் மாலை தின்றுவிடும்.

கடையில் இல்லாத பொருள்களையும் கவனித்தேன். குண்டுமணி கோத்த காப்பு இல்லை. சிவப்பும் கறுப்புமாகப் பளபளக்கும் அந்த விதை கைவினைக்காரர்களுக்குப் பிடித்தமானது. எங்கள் பற்றைகளில் இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனால் அதற்குள் இருக்கும் அப்ரின் என்ற நஞ்சு மிகக் கொடியது. தோல் உடையாத விதையை விழுங்கினால் செரிக்காமல் வெளியேறிவிட வாய்ப்புண்டு. கோப்பதற்காகத் துளையிட்ட விதையில் அந்தப் பாதுகாப்பு இல்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அதைப் பரிசாகக் கொண்டுபோவது பெரும் ஆபத்து. இவர்கள் அதற்குப் பதிலாக மஞ்சாடி விதையைப் பயன்படுத்துகிறார்கள். சிறு குழந்தை வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கக்கூடிய பருமன் என்பதால், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மணி கோத்த எதையும் விற்பதில்லை என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

பவளப்பாறைத் துண்டுகளும், அதாவது முருகைக்கல்லும், இல்லை. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் புறாத்தீவு 2003 இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அங்கிருந்து முருகைக்கல்லையோ சிப்பியையோ எடுத்துவருவது சட்டப்படி குற்றம். இருந்தும் கரையொதுங்கியது என்று சொல்லி முருகைக்கல்லைப் பதக்கமாக்கி விற்பவர்கள் ஆங்காங்கே உண்டு. வாங்குபவருக்கு அது கரையொதுங்கியதா, உடைத்தெடுத்ததா என்று அறிய வழியில்லை. ஆகவே எதையுமே எடுப்பதில்லை என்பதுதான் நேர்மையான நிலைப்பாடு. கடலோரக் கடையில் கடற்பொருள் இல்லையா என்று வாடிக்கையாளர் கேட்கும்போது வரும் நட்டத்தைத் தாங்கிக்கொண்டு இதைக் கடைப்பிடிப்பது எளிதல்ல.

இனிக் கணக்குக்கு வருகிறேன். விறாந்தைச் சுவரில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. உருக்குக் கொழுக்கி போட்ட ஓலைத் தோட்டின் விலையான 650 ரூபா எங்கெங்கே போகிறது என்பது அதில் எழுதப்பட்டிருக்கிறது: ஓலையும் சாயமும் 60, கொழுக்கியும் வளையமும் 80, அட்டையும் உறையும் 40, பின்னியவரின் கூலி 220, பிள்ளைகளுக்கு 100, மிகுதி 150 ரூபா மின்சாரம், பஸ் செலவு, பழுதாகிப்போகும் சரக்கு, அடுத்த கொள்வனவு ஆகியவற்றுக்கு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பிள்ளைகளுக்கான பங்கு விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் இத்தனை ரூபா என்று நிலையான தொகையாக இருப்பது. இலாபத்தில் ஒரு பகுதி பிள்ளைகளுக்கு என்று எழுதும் கடைகளே அதிகம். இலாபம் என்பது ஆண்டு முடிவில் எல்லாச் செலவும் கழித்த பிறகு மிஞ்சுவது; புதிதாகத் தொடங்கிய கடைக்கு முதல் ஆண்டில் அது பெரும்பாலும் மிஞ்சுவதே இல்லை. மிஞ்சாத ஒன்றில் பாதியைத் தருகிறேன் என்றாலும் முழுவதையும் தருகிறேன் என்றாலும் பிள்ளையின் கைக்கு வருவது ஒன்றுதான். நூறு ரூபா என்று எழுதிவிட்டால், கடை நட்டத்தில் ஓடினாலும் அந்த நூறு ரூபாவை எடுத்து வைத்தே ஆக வேண்டும்.

அதேபோல் கூலியைப் பிள்ளைகளின் பங்குக்கு முன்னால் வைத்திருப்பதும் சரி. பின்னும் பெண்களில் சிலர் தாமே பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர்கள். அவர்களுக்குக் குறைந்த கூலியைக் கொடுத்து, மிச்சம் பிடித்ததை ஏழைப் பிள்ளைகளுக்கென்று வழங்குவதில் எந்தப் பொருளும் இல்லை. ஒரு சோடி பின்ன ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஆகிறது என்கிறார்கள். அந்தக் கணக்கில் கூலி மோசமில்லை. பிள்ளைகளைக் கொண்டு எதையும் செய்விப்பதில்லை. இலங்கையில் வேலைக்கமர்த்தும் குறைந்த வயது 2021 இல் பதினாலிலிருந்து பதினாறாக உயர்த்தப்பட்டது. சட்டம் ஒருபுறமிருக்க, பிள்ளைகளே செய்தது என்று எழுதி விற்றால் நன்றாக விற்கும் என்று ஆலோசனை சொன்ன ஒருவரை மூத்தவர் வாசலோடு அனுப்பிவிட்டாராம். இதை அவர் சொன்னபோது மற்ற இருவரும் சிரித்தார்கள். அனுப்பிய விதம் அவ்வளவு மென்மையாக இருக்கவில்லை போலும்.

சேரும் பணத்தில் என்ன வாங்குகிறார்கள் என்பதும் தாளில் இருக்கிறது. சப்பாத்து, கொப்பி, பஸ் பருவச்சீட்டு, மூக்குக் கண்ணாடி. எங்கள் நாட்டில் கல்வி இலவசம். பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்கம் தருகிறது. அதனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பள்ளிக்கூடம் போகாமல் இருக்க எந்தக் காரணமும் தெரிவதில்லை. ஆனால் சப்பாத்து கிழிந்த பிள்ளை வெட்கத்தில் நின்றுவிடுகிறது. மூதூர்ப் பக்கத்து உட்கிராமத்துப் பிள்ளைக்கு உயர்தரம் படிக்க நகருக்கு வந்துபோகும் செலவே பெரிய செலவு. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொப்பியின் விலை கூலிக் குடும்பங்களுக்கு எட்டாத இடத்துக்குப் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கிழக்கில் பிள்ளைகளுக்கு உதவி என்றால் இன்னும் பலருக்கு நினைவுக்கு வருவது ஆழிப்பேரலையும் போரும்தான். 2004 இல் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகள் இன்று வளர்ந்து தாமே பிள்ளை பெற்றுவிட்டார்கள். இன்றைய பிள்ளையின் தேவை வேறு: தகப்பன் கடலுக்குப் போய் எடுத்த கடனை அடைக்க முடியாத வீடு, தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய் அம்மம்மாவிடம் வளரும் வீடு. இந்தக் கடை பழைய துயரத்தின் படத்தை அட்டையில் அச்சிட்டு விற்காமல் இன்றைய சப்பாத்தை வாங்குகிறது என்பது எனக்கு நிறைவாக இருந்தது.

பணத்தை எவர் கையிலும் கொடுப்பதில்லை. பாடசாலை அதிபரிடமும் வகுப்பாசிரியரிடமும் கேட்டுத் தேவையை அறிந்து, பொருளாக வாங்கி, பாடசாலை வழியாகவே சேர்ப்பிக்கிறார்கள். பற்றுச்சீட்டுகள் ஒரு கொப்பியில் திகதி வாரியாக ஒட்டப்பட்டிருக்கின்றன. கேட்கும் எவருக்கும் காட்டுகிறார்கள். பிள்ளைகளின் பெயர் எங்கும் இல்லை, ஓர் இலக்கம் மட்டும் இருக்கிறது. புகைப்படமும் இல்லை. நான் அங்கே நின்ற வேளையில் வந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதியினர், தோடு வாங்கிய கையோடு அந்தப் பிள்ளைகளைப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். ஹோட்டலில் வேலை பார்த்தவர் சிரித்த முகத்தோடு, அவர்கள் இப்போது பாடசாலையில் இருக்கிறார்கள், பார்க்க முடியாது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மீதிக் காசை எண்ணிக் கொடுத்தார். அவர்கள் போன பிறகு, பின்னேரம் வந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டேன். "அப்ப டியூசனுக்குப் போயிருக்குங்கள்" என்றார்.

உண்டியலும் வைக்கவில்லை. மீதிக் காசைப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாலும் வாங்குவதில்லை. இது முதலில் எனக்குச் சற்றுக் கடுமையாகவே பட்டது. விளக்கம் கேட்டபோது நியாயம் புரிந்தது. பொருள் விற்று, தன் வருமானத்தில் ஒரு பகுதியைக் கொடுப்பது வியாபாரம். பொதுமக்களிடம் நன்கொடை திரட்டிச் சமூக சேவை செய்யும் அமைப்பு என்றால் அது வேறு விதமான பதிவு. தன்னார்வ சமூக சேவை அமைப்புகளுக்கென 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இரண்டையும் கலந்து நடத்தினால் எந்தக் கணக்கும் சுத்தமாக இருக்காது என்பது கணக்கெழுதியவரின் கருத்து. இதே மாதிரித் தொழிலைத் தொடங்க விரும்புபவர்கள் முதல் நாளிலேயே இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று தீர்மானிப்பது நல்லது. உண்டியலில் சில்லறை சேர்ந்த பிறகு பிரிப்பது கடினம்.

விற்பனை பற்றியும் சில வார்த்தை. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில்தான் உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். மிகுதி மாதங்களில் உள்ளூர்க்காரர்தான் வாங்க வேண்டும். உள்ளூரில் நகை என்றால் தங்கம், தங்கம் என்றால் அவசரத்துக்கு அடகு வைக்கக்கூடியது. அடகு வைக்க முடியாத ஓலைத் தோட்டுக்கு 650 ரூபாவா என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள் இருக்கிறார்கள். பான்சிக் கடையில் அந்தக் காசுக்கு மூன்று சோடி வாங்கலாம். கோணேசர் கோவிலுக்கு ஏறும் வழியிலும் இதைவிட மலிவான மணியும் மாலையும் கிடைக்கும். இருந்தும் தங்கத்தின் விலை ஏறிய ஏற்றத்தில் நாளாந்தம் அணியத் தங்கத் தோடு போடுவதை விட்டுவிட்ட பெண்கள் அதிகம். ஆசிரியைகளும் வங்கியில் வேலை செய்பவர்களும் சேலை நிறத்துக்கு ஏற்ற ஓலைத் தோடு கேட்டு வருகிறார்கள் என்று அறிந்தேன். இவர்களை நம்பியே மாரிகாலக் கடையை நடத்த முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஹோட்டல் கடைகளில் வைக்கும் யோசனையை அவர்கள் கைவிட்டது சரியே. அங்கே விற்பனை விலையில் கணிசமான ஒரு பங்கைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். சுவரில் ஒட்டிய கணக்கில் அதற்கு இடமில்லை. விலையைக் கூட்ட வேண்டும், அல்லது கூலியிலோ பிள்ளையின் நூறு ரூபாவிலோ கை வைக்க வேண்டும். உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டவருக்கும் ஒரே விலை என்பதையும் குறிப்பிட வேண்டும். எங்கள் ஊரில் அது அரிது.

குறைகள் இன்னும் சில உண்டு. அட்டையில் அச்சிட்ட ஆங்கிலம் பெரிதாகவும் தமிழ் பொடியாகவும் இருக்கிறது. அந்தப் பொடித் தமிழிலும் எழுத்துப் பிழை இருக்கிறது. சிங்களத்தில் ஒரு வரியும் இல்லை. கோணேசரை வணங்கவும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் வரும் தென்னிலங்கைப் பயணிகள் பஸ் பஸ்ஸாக வரும் ஊரில் இது வியாபாரத்துக்கே நட்டம். முகம் பார்க்கும் கண்ணாடி உள்ளங்கை அளவுக்குத்தான் இருக்கிறது. இரு காதையும் ஒன்றாகப் பார்க்க முடியவில்லை. வங்கி அட்டை எடுப்பதில்லை. திறக்கும் நேரம் ஒழுங்காக இல்லை. காலையில் போவதென்றால் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டுவிட்டுப் போவது நல்லது. ஒரு திருமண வீட்டுக்காகச் சொல்லிவைத்த தோடுகள் சொன்ன நாளுக்குப் பிந்தியே வந்தன. பின்னுபவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து ஓடர் எடுக்காமல், வந்ததையெல்லாம் ஏற்றுக்கொள்வது புதிய கடைகளின் வழக்கமான பலவீனம்.

மூத்தவரிடம் விடைபெறும்போது, பிள்ளைகளுக்காக இன்னொரு சோடியும் எடுக்கட்டுமா என்று கேட்டேன். "சாமான் பிடிச்சிருந்தா எடுங்கோ. பிள்ளையளுக்காண்டி எடுக்க வேண்டாம், பிறகு போடாமல் வைச்சிடுவீங்கள்" என்றார்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: நாளாந்தம் அணிவதற்கு உருக்குக் கொழுக்கி போட்ட ஓலைத் தோடு, சிவப்பைத் தவிர எந்த நிறமும். காது எளிதில் புண்ணாகும் என்றால் வெள்ளிக் கொழுக்கி கேட்டு, 925 முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து திரும்பும் உறவினருக்குக் கொடுத்தனுப்ப சிரட்டைப் பதக்கம் பொருத்தம். பயணப்பெட்டியில் நசுங்காது, பூஞ்சணமும் எளிதில் பிடிக்காது. மணிமாலையை இப்போதைக்கு வாங்க வேண்டாம். கம்பி எடுப்பித்துக் கோக்கத் தொடங்கினால் அட்டையின் பின்புறத்தில் அதையும் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுதிய பிறகு அந்த நீலமும் பனங்கட்டி நிறமும் கலந்த மாலையைக் கேட்டுப் பாருங்கள்.